பழைய வீடு வென்றது, ஒரு ஜன்னல் நீங்கலாக

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. தங்கள் முழங்காலும் அக்காவின் ரத்த அழுத்தமும் அதனதன் கட்டுக்குள் இருக்கும் என நம்புகிறேன். இங்கே நான் பரம சௌக்கியம், ஏனென்றால் ஜெயித்துவிட்டேன்.

போன தடவை வந்தபோது தாங்கள் ஹாலின் நடுவில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதை ரிப்பேர் பண்றது வீண் வேலை, இடிச்சுட்டுப் புதுசா கட்டுங்க" என்று பற்ற வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள். அன்றிலிருந்து எட்டு மாதம் உங்கள் தங்கை அதையேதான் பாடிக்கொண்டிருந்தாள், தட்டை வைக்கும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை. முப்பத்தோரு வருஷமாக நான் பூட்டித் திறந்த வீடு, மச்சான். அதை இடிக்கச் சொன்னபோது என்னையே ஆள் வைத்து அப்புறப்படுத்தச் சொன்ன மாதிரி வலித்தது. ஆனால் வரைபட ஆபீசில் ஆயுசெல்லாம் கோடு போட்டவன் சும்மா விடுவானா? "சரி, உன் புது வீட்டுக்கு முதல்ல ஒரு பிளான் போடு, பார்க்கலாம்" என்றேன்.

இன்ஜினியர் வந்தார். மூன்று நாள் அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடுப்படியில் நின்றால் வாசல் தெரிய வேண்டும், சுவிட்ச் படுத்தபடியே கைக்கு எட்ட வேண்டும், குளியலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். "படி எதுக்கும்மா, தடுக்கி விழுவீங்க" என்றார் அவர். "படி இல்லேன்னாதான் விழுவேன், கால் பழகிப்போச்சு" என்றாள் இவள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிளான் வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பீரோவிலிருந்து பழைய வீட்டு வரைபடத்தை எடுத்து, ஹால் ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் புதுப் பிளானை ஒட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். ஹால்மேல் ஹால், படிமேல் படி, ஒரு கோடு விலகவில்லை! அடுப்படிச் சுவரில் ஒரு பெரிய ஜன்னல் மட்டும்தான் அதிகம். "அம்மா தாயே, நீ கேட்கிற வீட்டுலதான் நீ குடியிருக்கே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.  உங்கள் தங்கை கிட்டே வந்து இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, "அப்ப இடிக்க வேண்டாம், அந்த ஜன்னலை மட்டும் வெச்சுக் கொடுத்துடுங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக எதிராளி இறங்கி வந்தால் யாருக்குத்தான் பெருந்தன்மை வராது? "வெச்சுட்டாப் போச்சு" என்றேன்.

மறுநாளே கொத்தனார் வந்து உளியை வைத்தார். ஒரு தட்டுதான், சுவர் தானாகவே இறங்கி வந்துவிட்டது. எந்தச் சுவர் என்றால், நான் காலண்டர் மாட்டுவேனே, மாசம் ஒரு தடவை ஆணியோடு கீழே விழுமே, அதே சுவர்தான். ஆணி சரியில்லை என்று கடைக்காரரிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! சுவர் போனதும் அதை நம்பியிருந்த மேல்தளம் தொங்க ஆரம்பித்தது, அது நம் தலையில் விழுவதற்குள் வெற்றிகரமாக இறக்கிவிட்டோம், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தளம் போன பிறகு ஹால் சுவர் மட்டும் நின்று என்ன சாதிக்கப் போகிறது? "விட்டு வெச்சா ஒரு நாள் நம்ம மேலயே உக்காந்துக்கும் சார்" என்றார் கொத்தனார், எடுத்தோம். அதற்குத் துணையாக நின்ற படுக்கையறைச் சுவர் துணையில்லாமல் சாய்ந்தது, அதையும் எடுத்தோம். ஆனால் கொள்கையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, மச்சான். தினமும் காலையில் கொத்தனாரை நிறுத்தி, "இது புது வீடு இல்லை, ரிப்பேர்தான்" என்று சொல்கிறேன். அவரும் "ஆமாங்க சார், ரிப்பேர்தான்" என்று சொல்லிவிட்டு அஸ்திவாரம் தோண்டப் போகிறார்.

இப்போது வாசல் நிலையும் கதவும் கம்பீரமாக நிற்கின்றன. சாயங்காலம் ஆட்கள் போனதும் நானே பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, எதிரே வாடகைக்கு எடுத்திருக்கும் மாடிக்கு வருகிறேன். நேற்று ஒரு நாய் கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்திருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

ஆக, பழைய வீடு காப்பாற்றப்பட்டது. தாங்கள் தோற்றதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, முழங்காலுக்கு ஓய்வு.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். "இடிக்கணும்னு கேட்டா மாட்டார், ஒரு ஜன்னல் கேளு" என்று பஸ் ஏறும்போது நீ சொன்னபடியே செய்தேன். ஆணி நிற்காத சுவர் எதுவென்று முப்பத்தோரு வருஷம் அங்கே பகலிலும் லைட் போட்டுச் சமைத்தவளுக்குத் தெரியாதா? கோட்டின்மேல் கோடு வைத்துப் பார்ப்பார் என்று தெரிந்துதான் இன்ஜினியரிடம் பழைய வீட்டையே ஒப்பித்தேன். ஒரு படி, ஒரு சுவிட்ச் விடவில்லை. புது வீட்டுக்கு அடுத்த மாசம் தளம் போடுகிறார்கள். நீ வந்தால், "ரிப்பேர் நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை" என்று மட்டும் சொல். அந்த வாசல் கதவை மாற்றக் கூடாது என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதைப் பூட்டி இழுத்துப் பார்க்காவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது.