கோல்கீப்பர் மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.
பவ வருஷம், ஆனி மாதம் 12ந் தேதி.

வேலூரில் கோட்டைக்கு அடுத்தபடியாக அசையாமல் நிற்கிறவளும், ஒரே அதட்டலில் ஏழு தெரு நாய்களை வாலைச் சுருட்டவைக்கிறவளுமான என் தமக்கை தில்லையம்மாளுக்கு, தம்பி ஆதிகேசவன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், கருட சேவை பார்க்க வந்து இன்னும் ஊர் திரும்பாத உன் மகள் கலாவதியும் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்தை மாமா கையால் இரண்டு வரி எழுதுவிக்கவும்.

நிற்க. கலாவதிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை தணிகாசலம் ஓர் ஊரில் தரிக்கிறவரா, இல்லை நாளைக்கே பெண்ணை விட்டு ஓடிப்போகிறவரா, தாய்மாமன் நீ விசாரித்துச் சொல், உன் ஒரு வார்த்தையில்தான் கல்யாணம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். விசாரித்தேன். அக்கா, இனிமேல் உட்கார்ந்துகொண்டு படி.

மாப்பிள்ளை ஆதியில் பட்டணத்தில் ஓர் ஆலைக்காரர் அணிக்குக் கோல்கீப்பராம். கோல்கீப்பர் என்றால் மற்றவர்கள் எல்லாரும் பந்தைக் காலால் உதைக்க, இவர் மட்டும் இரண்டு கம்பத்துக்கு நடுவே நின்று கையால் பிடிக்க வேண்டும். அதிலே முழங்கால் பிசகி, பிறகு அணிக்கு மானேஜர் ஆனார். இந்த மானேஜர் உத்தியோகம் என்னவென்று கேட்டு எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பதினோரு பேரைப் பொறுக்கி ஓடவிட வேண்டியது, தோற்றால் இவரைத் துரத்திவிடுவார்கள். கோலாரில் துரத்தினார்கள், சிக்கந்தராபாத்தில் துரத்தினார்கள், கல்கத்தாவில் மாலை போட்டுத் துரத்தினார்கள். ரங்கூனில் மழை விட்டதும் துரத்தலாம் என்று இருந்தார்களாம், மழை ஐந்து மாதம் விடவில்லை, அதனால் அங்கே ஐந்து மாதம் உத்தியோகம். கொழும்பில் ஜெயித்தே தொலைத்தார், ஆனால் சங்கத் தலைவருடைய மைத்துனனை ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்று அங்கேயும் துரத்திவிட்டார்கள். எட்டு வருஷம், எட்டு ஊர்! அவருடைய தகரப் பெட்டி மூடியில் ஊர்ப் பெயரெல்லாம் வரிசையாக எழுதி, கோடு போட்டு அடித்திருக்கிறது. கடைசியில் ஒன்பதாவதாகக் காஞ்சிபுரம், இன்னும் அடிக்கவில்லை. அதற்குக் கீழே நாலு ஊருக்கு இடம் விட்டிருக்கிறார்.

இதோடு போயிற்றா? போன ஞாயிற்றுக்கிழமை வேகவதி ஆற்றங்கரைத் திடலில் நம் தெருக்காரர்களை வைத்து அரக்கோணத்தாரோடு ஆட்டம் நடத்தினார். ஜனக்கூட்டத்தில் வரதராஜர் கருட சேவை தோற்றது. நான் கலாவதியையும் அழைத்துப் போயிருந்தேன், புத்தி கெட்டவன். கோல்கீப்பராக யாரை நிறுத்தினார் தெரியுமா? தறிக்காரர் வரதராஜனை! அவர் கையில் எது வந்தாலும் தப்பாது என்பது நிஜந்தான். இருபது வருஷமாக, கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை நெய்கிறவர். அந்தத் தறியில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, ஊடை நூல் சுற்றிய நாடாக் கட்டையை எறிவார்கள், பிடித்தவர் எறிந்தவருக்கே திருப்பி எறிய வேண்டும். வரதராஜன் அரக்கோணத்தான் உதைத்த பந்தை அழகாகப் பிடித்தார். பிடித்த கையோடு அரக்கோணத்தானுக்கே பதவிசாக எறிந்தார்! அவன் திகைத்துப்போய் மறுபடி உதைத்தான், கோல்.

"யோவ், இன்னாய்யா பண்றே? நம்மாளுக்குப் போடுய்யா!" என்று தணிகாசலம் கத்துகிறார்.

"அவன்தானே எறிஞ்சான்? அவனுக்குத்தானே தரணும்? எழை அறுந்துடும்பா!" என்கிறார் வரதராஜன்.

இப்படியே எட்டுக் கோல். எண்ணிய எனக்கே நாக்கு வறண்டது. அதற்குமேல் மாப்பிள்ளை பொறுக்காமல், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வரதராஜனை நகர்த்திவிட்டு, பிசகின முழங்காலோடு தாமே போய் நின்றார். அரக்கோணத்துத் தலைவன் விட்டான் பார் ஓர் உதை! ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறாக்கள் செங்கல்பட்டுக்குப் பறந்தன. மாப்பிள்ளை பந்தை முகத்தால் பிடித்தார். பந்து நின்றது, முன்பல் இரண்டும் நிற்கவில்லை. நான் உனக்கு அனுப்பின போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், அதைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதே.

ஆகையால் தாய்மாமன் தீர்ப்பு இது. எட்டு ஊர் துரத்தின ஆள், பல் இல்லாத ஆள், நம்ம குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஒன்பதாவது ஊரும் நாளையோ மறுநாளோ துரத்திவிடும். நீ வேறு எதையும் யோசிக்காமல் உடனே வேண்டாம் என்று தபால் போடு.

மாமாவுக்கு என் நமஸ்காரம். காமாட்சி கடாட்சத்தால் உன் முழங்கால் வலி உன்னை விட்டு, உன் ஓரகத்தியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
ஆதிகேசவன்

பி.கு.: உறையை ஒட்டப் போன சமயம் கலாவதி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "இன்னா மாமா எழுதிக்கினு இருக்கீங்க? பல்லு போனா போவுது. அந்த எடத்த வுட்டு ஒரு அடி நவுந்தாரா? எங்கப்பா மாடு முட்ட வந்தா எங்கம்மாவ முன்னால தள்ளுவாரு" என்றாள். மாமாவிடம் இதைப் படித்துக் காட்டாதே. நான் உறையைக் கீழே வைத்துவிட்டு, சாயங்காலமே போய்த் தாம்பூலம் மாற்றிவிட்டேன். ஆவணியில் முகூர்த்தம். போன இடத்தில்தான் தெரிந்தது, நம் ஊர்ச் சங்கத்தார் காலையிலேயே அவரைத் துரத்திவிட்டார்களாம். கவலைப்படாதே, அடுத்த உத்தியோகம் உங்கள் வேலூரில்தான். வாடகை வீடு எதற்கு, அக்கா வீடு இருக்கிறதே என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை புதன்கிழமை வந்து சேருவார். சோறு கொஞ்சம் குழைவாக வடிக்கவும்.