கரையான் படித்த முடிவு

ஒரு நாவலின் முடிவை இட்டுக்கட்டிச் சொன்னதால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது என்று இருபத்தாறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வயதில் வெட்கம் என்பது முழங்கால் வலி மாதிரி, வரும், உட்கார்ந்தால் போய்விடும்.

காவலூருக்கும் அப்பால், ஜவ்வாது மலைமேல் ஒரு சின்ன நூலகம். அதற்கு நான் பொறுப்பாளன். இரண்டு பீரோ, ஒரு மேஜை, மழை வந்தால் ஒரு வாளி. அந்த இரண்டு பீரோவில் எனக்கு உயிரான புத்தகம் ஒன்றே ஒன்று, ஒரு காதல் நாவல். (பெயர் சொல்ல மாட்டேன். அந்த எழுத்தாளருக்கு நான் செய்த பாவம் ஏற்கெனவே போதும்.) சுகந்தி என்று ஒரு பெண். அவளுக்கு இரண்டு பேர்: கார் வைத்திருக்கும் ஒரு டாக்டர், குடை மட்டும் வைத்திருக்கும் ஒரு குமாஸ்தா. கடைசியில் சுகந்தி பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள். வரப்போகும் ரயிலில் டாக்டர். பிளாட்பாரத்தில் குமாஸ்தா. ரயில் வருகிறது.

அவ்வளவுதான். அதற்கப்புறம் இருந்த பதினாறு பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. நான் பதவிக்கு வந்தபோதே அந்தக் கோலத்தில்தான் புத்தகம் இருந்தது. எங்கள் மலையில் அந்தக் கதையின் முடிவு தெரிந்த ஒரே ஜீவன் கரையான்தான்.

அந்தச் சமயத்தில்தான் தேவகி ஆலங்காயத்திலிருந்து எங்கள் ஊருக்கு நர்சாக வந்தாள். வியாழக்கிழமைதோறும் புத்தகம் எடுப்பாள். இந்த நாவலையும் எடுத்தாள். மறு வியாழன் வந்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: "சார், கடைசி பக்கம் எல்லாம் இன்னா ஆச்சு?"

கரையான் தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நூலகர் ஒருவர் ஒரு பெண்ணிடம் 'எனக்கும் தெரியாது' என்று சொல்லலாமா? அதுவும் அந்தப் பெண்ணின் மாமா பையன் வாணியம்பாடியில் லாரி வைத்திருக்கிறான், அவனுக்குத்தான் அவளைக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது? என்னிடம் லாரி இல்லை. குடை இருந்தது.

"நான் முன்னாடியே முழுசா படிச்சிருக்கேன்மா" என்றேன். "சுகந்தி ரயில்ல ஏறுவா. வண்டி கெளம்பும். அப்பறம் இன்னா நெனச்சாளோ, பெட்டிய அப்படியே போட்டுட்டு எறங்கி ஓடி வருவா. குமாஸ்தா குடைய விரிப்பாரு. முடிஞ்சிருச்சு."

"மழையே பெய்யலியே சார்?"

"அந்தப் பதினாறு பக்கத்துல பெய்யும்."

அவள் வேறொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். நாற்பது நாளில் எங்கள் கல்யாணம் பேசி முடிந்தது. நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை வந்தால் தேவகியின் கடைசி ஆயுதம் இதுதான்: "சுகந்தி மாதிரி ரயில விட்டு எறங்கி வந்தவ நானு. ஞாபகம் வெச்சிக்கோங்க." கேஸ் சிலிண்டர் தீர்ந்தாலும் ரயில். என் தங்கை வீட்டுக்குச் சொல்லாமல் போய் வந்தாலும் ரயில். எங்கள் சண்டையைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே அந்த முடிவு மனப்பாடம். நானே போட்ட தண்டவாளம், யாரிடம் போய் முறையிடுவது?

இந்த வருஷம், வேலூரில் படிக்கும் எங்கள் மகள் போன் செய்தாள். "அப்பா, உங்க நாவல படமா எடுத்துட்டாங்க. திருப்பத்தூர்ல ஓடுது. அம்மாவக் கூட்டிட்டுப் போங்க."

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆவல். உண்மையில் என்னதான் ஆயிற்று சுகந்திக்கு? இருபத்தாறு வருஷமாக அந்தப் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தவன் நான். இரண்டாவதாகத்தான் பயம் வந்தது. முடிவு திரையில் வரும். பக்கத்து சீட்டில் தேவகி இருப்பாள்.

போனில் தேடிப் பார்த்தேன். சிக்னலுக்காக மொட்டைப் பாறைமேல் ஏறி நின்று நாலு விமர்சனம் படித்தேன். நாலு பேரும் 'முடிவைச் சொல்லி உங்கள் ரசனையைக் கெடுக்க விரும்பவில்லை' என்று எழுதியிருந்தார்கள். கெடுங்கடா என்று பாறைமேல் நின்று கெஞ்சினேன்.

போகாமல் இருக்க முடியாது, தேவகி லீவு சொல்லிவிட்டாள். அப்போதுதான் எனக்கு அந்த அற்புத யோசனை வந்தது.

எங்கள் ஊரில் பஸ்ஸில் போய்ப் படம் பார்ப்பவர்கள் யாரும் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. மேட்னி முடிவது ஐந்தேகால். மலைக்குக் கடைசி பஸ் ஐந்து மணி. நாலே முக்காலுக்குத் தியேட்டரில் பத்துப் பேர் வரிசையாக எழுந்து வெளியே போனால், அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். எங்கள் ஊரைப் பொறுத்தவரை இதுவரை ஒரு வில்லனும் செத்ததில்லை. எல்லோரும் குடோனில் கதாநாயகியைக் கட்டிப்போட்டுவிட்டு அப்படியே நிற்கிறார்கள். இரு சக்கர வண்டி வைத்திருப்பவர்கள்தான் கடைசிவரை பார்ப்பார்கள்.

எங்களிடம் வண்டி இருக்கிறது. அதனால் முந்தின நாளே வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சமையலறையில் சாமை டப்பாவுக்குள் புதைத்தேன். (சாமைக்குள் ஏன் என்று கேட்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவனுக்குச் சாமையும் பாதாள அறைதான்.)

காலையில் இருபது தடவை உதைத்தேன். "ஸ்டார்ட் ஆவல" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"நேத்து சாய்ங்காலம் நல்லாதானே ஓடுச்சு?"

"அதான் எனக்கும் புரியல. பஸ்லயே போவலாம்."

"பஸ்ல போனா முடிவு பாக்க முடியாதே."

"முடிவுதான் நமக்குத் தெரியுமே" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. டாக்டர் ஆளுயரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார். சுகந்தி அவர் தோளில் சாய்ந்திருக்கிறாள். குமாஸ்தா மூலையில், தபால்தலை அளவில்.

தேவகி தன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "ஏங்க, கடைசில ஜெயிக்கிறவன் மூஞ்ச இவ்ளோ சின்னதா போட்டிருக்கான்?"

"எடம் பத்தல போல."

படம் நன்றாகவே இருந்தது. என் சுகந்தி அப்படியே வந்தாள், நடையும் கோபமும் ஒன்றும் குறையாமல். பாதிப் படத்தில் நான் பயத்தை மறந்து வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ரயில் நிலையம் வந்தது. கைபேசியில் மணி பார்த்தேன், நாலு நாற்பத்து நாலு. தெய்வம் எங்கள் ஊர் பஸ் ரூபத்தில் இருக்கிறது.

"பஸ்ஸு" என்று எழுந்தேன். எங்கள் ஊர்க்காரர்களும் எழுந்தார்கள்.

"ரயிலு வரட்டும், இருங்க" என்றாள் தேவகி.

"ரயிலுக்காவ நின்னா பஸ்ஸு போயிரும்."

அவளைக் கிளப்பிவிட்டேன், என்னைத்தான் கிளப்ப முடியவில்லை. வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரயில் வந்துகொண்டே இருந்தது. சுகந்தி பெட்டியைத் தூக்கினாள். பின்னாலிருந்து எங்கள் பக்கத்து வீட்டு தனக்கோடி அக்கா, "தம்பி, வழிய விடு, பஸ்ஸு போவுது" என்று முதுகில் தள்ளினாள். சீலை மூடிக்கொண்டது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டேன். தப்பித்தேன். முடிவு தெரியாமல் போனது ஒரு பக்கம் நெஞ்சை அரித்தாலும், தப்பித்தேன்.

இங்கேதான் நான் ஒன்றை மறந்திருந்தேன். வண்டி வாங்கிப் பல வருஷம் ஆனதால் வந்த மறதி. கண்டக்டர் ஏழுமலைக்கு வீடு திருப்பத்தூரில், தியேட்டருக்குப் பின்தெரு. எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுவார். பார்த்துவிட்டு, முடிவை இழந்து பஸ் ஏறும் எங்கள் ஜனங்களுக்கு அதைப் பஸ்ஸில் சொல்லுவார். டிக்கெட்டோடு சேர்ந்த உரிமை மாதிரி, காலங்காலமாக நடப்பது.

டிக்கெட் கிழித்தபடி வந்தார். "இன்னாக்கா, எந்த சீன்ல எழுந்து வந்தீங்க?"

"ரயிலு வருது. அந்தப் பொண்ணு பொட்டியத் தூக்கிச்சு" என்றாள் தனக்கோடி அக்கா.

"அப்ப அரமணி நேரம் பாக்கி. ஆலங்காயத்துல மலைக்குக் கீழ இருக்கற ஆளுங்க எறங்கிடட்டும், சொல்றேன்."

ஆலங்காயம்வரை நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பின்படிக்கட்டில் அவரைப் போய்ப் பிடித்தேன். "ஏழுமலை, இன்னிக்கு கத வேணாம்பா."

"ஏன் சார்?"

"என் வூட்டுக்காரம்மாவுக்கு பிரஷரு. அதிர்ச்சி ஆவாது."

அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "நர்சம்மா, உங்களுக்கு பிரஷராமே?"

"யாருக்கு?" என்றாள் தேவகி முன்சீட்டிலிருந்து. "ஊருக்கே நான்தான் பிரஷர் பாக்கறேன்."

பஸ் ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. ஏழுமலை பையை முன்னால் இழுத்துக்கொண்டு, கம்பியில் முதுகைச் சாய்த்து, தொண்டையைச் செருமினார். இருபது தலைகள் அவர் பக்கம் திரும்பின. "ரயிலு வந்து நிக்குது..."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தேன். "வாந்தி! வண்டிய நிறுத்துங்க!"

டிரைவர் நிறுத்தினார். இறங்கி ஓடி ஒரு புளியமரத்தின் பின்னால் குனிந்தேன். நான் இறங்கினால் கதையும் நின்றுவிடும் என்பது என் கணக்கு. இப்படியே வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தால் ஊர் வந்துவிடும்.

நின்றது பஸ் மட்டும்தான். எஞ்சினையும் அணைத்துவிட்டதால் ஏழுமலைக்கு வசதியாகப் போயிற்று. குரல் கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை. வராத வாந்தியை எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஜன்னல்களில் எல்லோருடைய பின்னந்தலையும் தெரிந்தது. அவர் கையை நீட்டினார், மடக்கினார், ஏதோ ஒன்றைத் தூக்கி எறிவதுபோல் காட்டினார். யார் எதை எறிகிறார்கள்? பெட்டியையா? குடையையா? திடீரென்று அத்தனை பின்னந்தலைகளும் திரும்பி முகங்களாயின. எல்லா முகமும் புளியமரத்தைப் பார்த்தன.

பஸ்ஸில் ஏறினேன். தேவகி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வந்துச்சா?"

"வரல."

"வராது."

வீட்டுக்குப் போனதும் சாமைச் சோறு ஆக்க டப்பாவைத் திறந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டுக்குப் பக்கத்தில், ஊறுகாய் வைக்கும் இடத்தில், கழுவித் துடைத்த பிளக் இருந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தைப் பற்றியும் பேசவில்லை.

அதன்பிறகு நான் பட்டதுதான் உண்மையான தண்டனை. அந்தப் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் முடிவு தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. கேட்கவும் முடியாது. இருபத்தாறு வருஷமாக அந்த முடிவைத் தெரிந்தவன் நான்தானே? தனக்கோடி அக்காவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். "படம் எப்டிக்கா முடிச்சிருக்கான், பொஸ்தகத்துல இருக்கற மாதிரியேவா?" அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அத நீதான் தம்பி சொல்லணும்" என்று போய்விட்டாள். ஏழுமலை, "ஒரு தபா சொன்னா சொன்னதுதான் சார், ரிட்டன் டிக்கெட் கெடையாது" என்றார். மகளைக் கேட்டேன். "ஐயோ, நான் இன்னும் பாக்கலப்பா, சொல்லிடாதீங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

பதினோராவது நாள் நூலகத்துக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்தது. பிரித்தால், மேலேயே என் நாவல். படம் வந்ததால் மறுபதிப்பு. பதிவேட்டில்கூட ஏற்றாமல் நின்றபடியே அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்தேன்.

சுகந்தி ரயிலில் ஏறினாள். இறங்கவில்லை. டாக்டரோடு போய்விட்டாள். குமாஸ்தா பிளாட்பாரம் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். அரைநாள் லீவுகூடப் போடவில்லை. மழையும் பெய்யவில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தேவகி முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: கரையான், பொய், குடை, பிளக், வாந்தி.

"கண்டக்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு" என்றாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொட்டியத் தூக்கி ரயிலுக்குள்ள போட்டுட்டு ஏறிடுச்சாம்."

"அப்ப ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன். பதினோரு நாளாச்சு."

"அந்த முடிவ நம்பித்தானே நீ உன் மாமா பையன வேணான்னு சொன்ன?" என்றேன். "இப்ப இன்னா நெனக்கிற?"

அவள் ஒரு காம்பை உருவி எறிந்தாள். கண்டக்டர் எறிந்துகாட்டியது இப்படித்தான் இருந்திருக்கும்.

"சுகந்தி பொழைக்கத் தெரிஞ்சவ."

இந்த ஒரு வரிதான் இப்போது எங்கள் வீட்டில் ஓடுகிறது. சிலிண்டர் தீர்ந்தால் இதுதான். நான் காய் வாங்கி வந்தால், பையைத் திறந்து பார்த்துவிட்டு இதுதான். மகள் வேலூரிலிருந்து போனில் முதல் வார்த்தையாகக் கேட்கிறாள், "இன்னிக்கு எத்தன தடவ பொழைச்சா சுகந்தி?" என்று. ஏழுமலையோ என்னைப் பார்த்தால் டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு பாலிதீன் பை நீட்டுகிறார்.

ஆனால் அன்றைக்கு நான் விடவில்லை. "தமாசு வேணாம். நெஜத்த சொல்லு. மாமா பையன வேணான்னு சொன்னியே, எதுக்கு?" என்றேன்.

தேவகி முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள். "நான் எங்க வேணான்னு சொன்னேன்?" என்றாள்.

நடந்தது இதுதான். நான் குடையை விரித்த அந்த வியாழக்கிழமைக்கு முந்தின மாதமே, அவளுடைய மாமா பையனுக்கு ஆம்பூரில் வேறொரு பெண்ணோடு நிச்சயம் ஆகியிருந்தது.