சந்தனம் பூசிய பன்னிரண்டு கம்பிகள்

படித்தவன் கையில் துடைக்கிற துணியைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அனுபவம் என்னுடையது, அவதி இன்னொருவருடையது.

யுத்த காலம். ராஜபாளையத்தில் என் மாமாவுக்கு ஒரு பஸ் இருந்தது. இண்டர்மீடியட் தேறிய நான் அதற்குக் குமாஸ்தா. (டிக்கெட் கிழிக்கிறவன் என்பது ஊரார் வைத்த பெயர்.) படித்தவன் என்று எல்லாரும் ஒதுங்கியபோது, “ஏலே இங்கிலீசு” என்று கூப்பிட்டுப் பேசிய ஒரே ஆள் மெக்கானிக் சவரிமுத்து அண்ணன்.

அந்தப் புரட்டாசியில் அவர் இன்ஜினைப் பிரித்திருந்தார். வால்வுகளைத் திறக்கும் புஷ்ராடுக் கம்பிகள் பன்னிரண்டு. புதியவை கிடைக்காததால் பழைய லாரிகளில் பொறுக்கிய கம்பிகளை ஒவ்வொரு வால்வுக்கும் அளவு பார்த்து அரத்தால் ராவினார். வால்வு மூடியிருக்கும்போது கம்பியை இரண்டு விரலால் உருட்டுவார்.

“உருளணும்லே, ஆடப்படாது. நீளமா இருந்தா வால்வு மூடாது. கட்டையா இருந்தா கடகடங்கும்.”

மூன்று நாள் வேலை. அளந்த கம்பிகளை மறுநாள் பூட்டுவதற்காக வரிசையாக ஒரு வாழைத்தண்டில் குத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று ஆயுத பூசை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார் மாமா. நான் கம்பிகளை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, சந்தனம் பூசி, படத்துக்கு முன்னால் உயரவாரியாக அடுக்கினேன். மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் படித்த கண் அல்லவா? பூசை முடிந்ததும் கண்ட ஓட்டையில் கண்ட கம்பியைக் குத்திவைத்தேன்.

விடிந்ததும் அண்ணன் கேட்டார்: “வரிசை மாறலையே?”

“மாறலை அண்ணே.”

பூட்டி முடுக்கினார். இன்ஜின் இருமியது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போக மாமா குடும்பமே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது.

“செத்த நேரம் குடுங்க மொதலாளி. மறுபடி அளந்து பாக்கேன்.”

“நல்ல நேரம் போயிரும். கெளப்பும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இவரும் என்னோடு பேசமாட்டாரே என்று பயந்தேன்.

பாதி வழியில் பஸ் வேட்டுப் போட்டு நின்றது. அத்தையின் மடியிலிருந்த புளியோதரை அண்டா டிரைவர் முதுகில் கவிழ்ந்தது. பட்டுச்சேலைக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், “இந்த வருசம் ரெண்டாந் தேரா?” என்று விசாரித்தார்.

“மூணு நாளா என்னத்தைப் பூட்டினீரு?” என்று மாமா எல்லார் முன்னாலும் கத்தினார்.

கூடவே வந்திருந்த அண்ணன் இன்ஜின் மூடியைத் திறந்து ஒரு கம்பியை உருட்டினார். உருளவில்லை. உருவிப் பார்த்தார். அடிமுனையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். நான் கண்மாயில் கொக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். நான் வாய் திறப்பேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, “அளந்து மாட்டிருதேன் மொதலாளி” என்று மட்டும் சொன்னார்.

கோயில் வாசல் வரை பஸ் சத்தமில்லாமல் ஓடியது. அங்கே கருவிப் பெட்டியோடு இறங்கிய அண்ணன் திரும்ப ஏறவில்லை. “அண்ணே” என்று பின்னால் ஓடினேன்.

“அளவு சரியாத்தான்லே இருந்துச்சு” என்றார். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எது கழன்று விழுந்தாலும், “சவரிமுத்து பூட்டினதா?” என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தே கிழவனாகிவிட்டேன். போன வாரம் மகள் மதராசிலிருந்து எழுதியிருந்தாள்: பேரன் பூட்டிய கட்டில் உடைந்துவிட்டதாம், சுத்த சவரிமுத்து வேலையாம். கடிதத்தைப் படித்துக்காட்ட இந்த வீட்டில் யாருமில்லை. ஆனாலும் அந்த வரி வந்ததும், பழக்கத்தில், சத்தமாகச் சிரித்துவிட்டேன்.