வல்லாஹி சொன்ன வாய்

இனிமேல் என் வீட்டில் என் பேச்சுதான் செல்ல வேண்டும் என்று முடிவெடுத்தேன். அதற்கு ஒரு பெரிய சொல் தேவைப்பட்டது.

சின்னச் சொற்கள் என் வீட்டில் எடுபடாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறேன். "சத்தியமா ஜிப் போகாது சார்" என்று தினமும் நாற்பது முறையாவது சொல்கிறவன். காந்தி மார்க்கெட் வெங்காயக்காரரும் சத்தியம்தான் செய்கிறார். அவர் சத்தியம் செய்தால் மூட்டையின் அடியைக் கிளறிப் பார்ப்பது நல்லது. வாக்குறுதி மைக்கைக் கண்டால் மட்டும் வரும். சபதம் டி.வி. சீரியல் மாமியார்களின் சொத்து. உறுதிமொழியை ஸ்கூலில் கையை நீட்டி எடுப்பார்கள். கை இறங்கியதும் அதுவும் இறங்கிவிடும்.

மிச்சமிருப்பது வல்லாஹி. அல்லாஹ் மேல் ஆணை என்று அர்த்தம். சொல்லிவிட்டு மீறினால் கஃப்பாரா என்று ஒரு பரிகாரம் செய்தே ஆகவேண்டும். அந்தச் சொல்லை நான் கல்யாணமான நாளிலிருந்து பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

வெளியே எடுக்க வைத்தவன் என் மச்சினன் அப்துல் மாலிக். மருங்காபுரிக்காரன். ஸ்கூல் லீவு விட்டால் குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன், அவன் பெண்டாட்டி, ஆறு பிள்ளைகள், மாமியார், மாமியாருடைய தங்கை. ஏ.சி. ரூம் அவர்களுக்கு, மொட்டை மாடி எனக்கு. போன தடவை என் தட்டிலிருந்த நல்லி எலும்பை எடுத்துக்கொண்டு, "மச்சானுக்கு ஏற்கெனவே கொழுப்பு ஜாஸ்தி" என்றான். சிரித்தவர்களில் என் மனைவி கமர் ஜஹானும் ஒருத்தி.

இந்த அரையாண்டு லீவுக்கு முன்னால், போனைக் கையில் பிடித்துக்கொண்டே கமர் சொன்னாள்:

"என்னங்க, வெள்ளிக்கிழமை தம்பி வீட்டுல எல்லாரும் வர்றாங்களாம்."

பீரோவைத் திறந்தேன்.

"வல்லாஹி! அந்த மிஸ்கீன் கூட்டத்துக்கு இந்த வீட்டுல இனி ஒருவேளை சோறு கிடையாது!"

மிஸ்கீன் என்றால் ஒன்றுமில்லாத ஏழை. எங்கள் பக்கம் திட்டுவதற்கும் அந்த வார்த்தை உதவும். போன் ஸ்பீக்கரில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"நானும் சொல்றேன் மச்சான்!" என்று போன் கத்தியது. "வல்லாஹி! உங்க வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்!"

நான் ஒன்று சொன்னேன், இரண்டு கிடைத்தது. இதைவிட லாபமான வியாபாரத்தைக் கடையில் பார்த்ததில்லை.

கமர் அழவில்லை, சண்டை போடவில்லை. "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வுக்குப் பிறகு எனக்கு எதுவும் சரியாக நடந்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் சாயங்காலம், பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்தும் ஷஹனாஸ் ஆலிமாவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சொந்தத்தை வெட்டிவிடப் பண்ணின சத்தியத்தைக் காப்பாத்தக் கூடாதாம். முறிச்சிட்டு கஃப்பாரா கொடுக்கணுமாம். உங்களுக்கும்தான், தம்பிக்கும்தான்."

"என்ன கஃப்பாரா?"

"பத்து மிஸ்கீனுக்குச் சோறு போடணும்."

"பத்து மிஸ்கீனுக்கு நான் எங்கே போவேன்?"

"எதுக்கு அலையணும்? தம்பி வீட்டுல கரெக்டா பத்துப் பேரு. மிஸ்கீனுங்கன்னு நீங்களே உங்க வாயால சொல்லிட்டீங்க."

யோசித்துப் பார்த்தேன். அவர்கள் வந்து சாப்பிட்டால் என் சத்தியம் முறியும். முறிந்ததற்குப் பரிகாரமாக அவர்களே மறுபடியும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தலை சுற்றியது. ஒரு பந்தியையாவது மிச்சம் பிடிக்க நினைத்தேன்.

"சோறு போட வசதியில்லாதவன் என்ன பண்ணுவான்?"

"மூணு நாள் நோன்பு வைக்கணும்."

"அப்ப நான் நோன்பு வைக்கிறேன். வியாபாரம் படுத்துப் போச்சு. எனக்கு ஏது வசதி?"

"சத்தியமாவா?"

"சத்தியமா!" இதை அன்றைய நாற்பதோடு சேர்த்துக்கொண்டேன்.

"சரிங்க."

வெள்ளிக்கிழமை மாலிக் வாசப்படியை நன்றாக மிதித்துக்கொண்டு வந்தான். கையில் ஓர் ஆடு. பத்துப் பேரும் சாப்பிட்டார்கள், சத்தியங்கள் இரண்டும் முறிந்தன. சனிக்கிழமையிலிருந்து நான் நோன்பு. பகலெல்லாம் அவர்கள் வறுத்தார்கள், பொரித்தார்கள். நான் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது. எனக்கு மட்டும் அது பத்தியமாகிவிட்டது. கோபம் வந்தது. நோன்போடு கோபப்படக்கூடாது என்று கமர் மாடிக்கே வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பைத் திறந்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஹாலில் பாய் விரித்து, பள்ளிவாசல் பக்கத்திலிருந்து கூட்டி வந்த ஏழைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தான் மாலிக். வாசப்படியை மிதித்ததற்கு அவனுடைய கஃப்பாரா. தாராளமாகச் செய்யட்டும் என்று ஒதுங்கினேன். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ஒன்பது பேருதான் கிடைச்சாங்க, ஒரு ஆள் குறையுது. உங்களுக்கு வசதியில்லைன்னு அக்கா சொன்னாங்க. சத்தியமே பண்ணினீங்களாமே!"

கமரைப் பார்த்தேன். பத்தாவது தட்டில் பிரியாணியை அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெட்கப்படாம வயிறாரச் சாப்பிடுங்க," என்றாள். "கடைசி மிஸ்கீனும் சாப்பிட்டாத்தான் என் தம்பி கஃப்பாரா நிறைவேறும்."