ரயில் டிக்கெட்டோடு ஒரு விமானம்

விமான நிலையம் ஊரோடு ஒட்டி இருக்க வேண்டுமாம். ரயிலை விட்டு இறங்கியவன் தடுப்பு, சுவர் எதுவுமில்லாமல் நேரே விமானத்துக்கு நடந்துபோக வேண்டுமாம். கட்டட வரைபடம் போடும் என் மகன் இதைப் புதுச் சிந்தனை என்கிறான். (அவன் பிறப்பதற்கு முன்பே அப்படி நடந்துபோய்ப் பார்த்தவன் நான்.)

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அக்கா புருஷன் திருச்சிக்கு விமானத்தில் போகிறார் என்று அக்காவும் நானும் இரத்மலானை விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனோம். மச்சானிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. தோட்டத்துத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபிறகு எனக்கு எந்த நாடும் இல்லை.

நிலையம் என்றால் ஒரே ஒரு கூடம். போகிறவருக்கும் வழியனுப்ப வந்தவருக்கும் ஒரே கதவு. மணி அடித்ததும் வரிசை கட்டினார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு, அரிசி, மருந்து என்று வரிசையிலேயே வளர்ந்த தொழிலாளர் லயத்துப் பிள்ளை, வரிசையைக் கண்டால் எதற்கென்று கேட்பதில்லை. மச்சானின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். சுமைகூலி என்று நினைத்து அதிகாரி என்னை விட்டுவிட்டார். (இத்தனைக்கும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.) உள்ளே போய் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ரயிலில் அப்படித்தானே செய்வோம், விசில் ஊதினால் இறங்கிக்கொள்ளலாம்.

விசில் ஊதவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

"மச்சான், நான் எறங்கணுங்க."

"எங்கடா எறங்குவ? காத்தாடி சுத்துது பாரு."

திருச்சியில் இறங்கினால் இலங்கைக்காரன் என்பார்கள். திரும்பி வந்தால் இங்கே இந்தியாக்காரன் என்பார்கள். அம்மா முகத்தை இனிப் பார்க்கவே முடியாது என்று அழுகை வந்தது. பணிப்பெண் டிக்கெட் கேட்டாள். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தலவாக்கலைக்குத் திரும்பும் ரயில் டிக்கெட்டை நீட்டினேன்.

அவள் முன்பக்கம் ஓடினாள். காத்தாடி நின்றது. படியை மறுபடி தள்ளிக்கொண்டு வந்தார்கள். இறங்கி வந்தால், கம்பிவேலிக்கு அப்பால் கைக்குட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள் அக்கா.

"என்னடா தம்பி, அதுக்குள்ள போயிட்டு வந்துட்டியா?"

அப்போதுதான் பார்த்தேன், பெட்டி மறுபடி என் தலையில் இருந்தது. மச்சான் கட்டிய வேட்டியோடு திருச்சியில் இறங்கினார்.

அதன்பின் எங்கள் வீட்டில் யார் பயணம் போனாலும், "வாத்தியாரத் தூரமா நிப்பாட்டுங்க" என்பதுதான் முதல் பேச்சு. பல வருஷம் கழித்து அக்கா குடும்பமே ஒரேயடியாக இந்தியாவுக்குக் கிளம்பியது. எனக்கு அதற்குள் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"தள்ளி நில்லு தம்பி. நீ ஏறிருவ."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தள்ளியே நின்றேன்.