பலாப்பழத்தோடு இமயமலைக்கு

வீட்டில் சொல்லாமல் ஒரு காரியம் செய்வதற்கு உலகத்திலேயே லாயக்கில்லாத ஊர் நெய்வேலி டவுன்ஷிப்தான். நம் வீட்டுக்காரருக்கு எந்த ஷிப்ட் என்பது எதிர் குவார்ட்டர்ஸுக்குத் தெரியும். நம் வீட்டில் என்ன குழம்பு என்பது பக்கத்து குவார்ட்டர்ஸுக்குத் தெரியும். அந்தக் குழம்பில் உப்பு கூடிப்போனது பின்தெருவுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அங்கே குடியிருந்தும் இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. (தொழில் கணக்கு டீச்சர். பிள்ளைகளைப் பார்த்து 'மூளை இருக்கா?' என்று கேட்கிற உத்தியோகம்.) நான் இமயமலைக்குப் போகத் திட்டம் போட்டேன். அதை வீட்டில் மறைத்தேன்.

ஆரம்பித்து வைத்தவள் செல்வராணி. எங்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர், முத்தாண்டிக்குப்பத்துக்காரி. என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவள். எவ்வளவு நெருங்கிப் பழகினாலும் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் 'போ மிஸ்' என்பாள். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனில் ஒரு வீடியோ காட்டினாள். எங்களைப்போலவே இடுப்பு பெருத்த பெண்கள் நாலு பேர், முதுகில் பையும் கையில் தடியுமாகப் பனியில் நடந்துகொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டு வேறு நடந்தார்கள்.

"மிஸ், நாமளும் போவலாமா?"

வாயில் தயிர்சாதம் இருந்ததால் உடனே மறுக்க முடியவில்லை. விழுங்கி முடிப்பதற்குள் ஆசை வந்துவிட்டது.

நான் தென்காசிப் பக்கம் பிறந்தவள். ஜன்னலைத் திறந்தால் மலை. அண்ணன் சிநேகிதர்களோடு ஏறிவிட்டு, உடம்பெல்லாம் சிராய்ப்போடு வந்து பெருமை அடிப்பான். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே மலையைப் பார்ப்பேன். பிறகு கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தேன். தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடுகள்தான் தூரத்திலிருந்து மலைபோலத் தெரியும். அதில் ஏறவும் அனுமதி கிடையாது.

சரி, வீட்டில் ஏன் சொல்லவில்லை? அதற்கு முன் நீச்சல், ஹிந்தி, மாடித்தோட்டம் என்று பலதையும் ஊரைக் கூட்டி அறிவித்துவிட்டுப் பாதியில் விட்டிருந்தேன். என் கணவர் சுந்தரம் சுரங்கத்தில் கன்வேயர் மெயின்டனன்ஸில் இருக்கிறார். தங்கமான மனிதர். ஆனால் ஒவ்வொரு அறிவிப்புக்கும் "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுச் சிரிப்பார். மகள் நித்யா கல்லூரி விடுதியிலிருந்து போனிலேயே சிரிப்பாள். அதனால் இந்தத் தடவை முதலில் பையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்து பார்ப்பது, ஜெயித்த பிறகு சொல்வது என்று முடிவு செய்தேன்.

திட்டமெல்லாம் பள்ளி விளையாட்டு அறையில், ஓட்டைக் கால்பந்துகளுக்கு நடுவில்தான் நடந்தது. நான் கொண்டுபோக நினைத்த சாமான்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். செல்வராணி பொறுமையாகக் கேட்டாள்.

"இட்லித் தட்டு எதுக்கு மிஸ்?"

"அந்தக் குளிர்ல சூடா நாலு இட்லி..."

"போ மிஸ்."

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை என்று முடிவானது. டவுன்ஷிப்பிலிருந்து முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கிற அவள் அம்மா வீடு வரை முழுச் சுமையோடு நடை. திரும்பும்போது பஸ். சுந்தரத்துக்கு அன்றைக்கு முதல் ஷிப்ட். அவர் வீடு திரும்புவதற்குள் நான் குளித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பேன். செல்வராணி ஒரு கட்டளையும் போட்டாள்: "மலையில டவர் கெடைக்காது. அதனால இங்கயும் போனு கெடையாது. சுவிட்ச் ஆஃப் பண்ணி பையில போட்டுடு."

முதல் நாள் சாயங்காலம் வீட்டில் ஒரு சண்டை. பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் மாசக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. சுரங்கத்தில் மலையளவு மிஷினைப் பழுது பார்க்கிறவருக்கு வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற நேரம் வரவில்லை. "ஒருநாள் இல்லேன்னா ஒருநாள் இந்த வீட்டை விட்டுப் போகத்தான் போறேன், பாருங்க!" என்று கத்தினேன். ஜன்னல் திறந்திருந்தது.

மறுநாள் அவர் கிளம்பியதும் பரணில் ஒளித்து வைத்திருந்த மலையேற்றப் பையை இறக்கினேன். ஆரஞ்சு நிறம், என் முதுகைவிட ஒரு சாண் உயரம். மலை வெயிலுக்கென்று வாங்கிய களிம்பை முகம் முழுக்க அப்பினேன். அது கண்ணுக்குள் போய்விட்டது. கண்ணிரண்டும் சிவந்து தாரைதாரையாக நீர் வழிய, பையைத் தூக்கிக்கொண்டு கதவைப் பூட்டினேன். எதிர்வீட்டு வசந்தா அக்கா கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். ஈரோட்டுக்காரர், பாசமானவர். அவர் வீட்டுக்காரரும் சுந்தரமும் ஒரே செக்‌ஷன்.

"ஏங்கண்ணு, இத்தன பெரிய பையத் தூக்கீட்டு எங்க போறே?"

"சும்மா இங்கதான் அக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

"எப்ப வருவே?"

"தெரியலை அக்கா." (பஸ் நேரம் எனக்குத் தெரியாது. உண்மையைத்தான் சொன்னேன்.)

வசந்தா அக்கா கையிலிருந்த கிண்ணம் சாய்ந்ததை நான் பார்த்தேன். எறும்புக்கு மாவு போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வராணி டவுன்ஷிப் நுழைவாயில் ஆர்ச் பக்கத்தில் காத்திருந்தாள். தோளில் பை, கழுத்தில் விசில், கையில் மலைத்தடிக்குப் பதிலாகத் துணி கழற்றிய மாப் குச்சி. என் பையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது பத்தாது மிஸ்." அவள் கையோடு கொண்டு வந்திருந்த ஒரு முழுப் பலாப்பழத்தை என் பைக்குள் இறக்கினாள். அம்மா வீட்டு மரத்துப் பழமாம், போன வாரம் வந்ததாம்.

ஊர் எல்லையைத் தாண்டி முந்திரிக்காடு ஆரம்பிக்கிற வரை நான் வீராங்கனைதான். அதன் பிறகு புது ஷூ கடிக்கத் தொடங்கியது. வெயில் ஏற ஏறப் பழமும் முதுகிலேயே பழுத்தது. வாசனைக்கு முதலில் ஈக்கள் வந்தன. அப்புறம் ஒரு மாடு வந்தது. நாங்கள் நின்றால் அது நின்றது, நடந்தால் நடந்தது. செல்வராணி விசிலை ஊதோ ஊதென்று ஊதினாள். பள்ளிக்கூடமே அடங்குகிற விசில் அது. மாடு காதைக்கூட அசைக்கவில்லை.

அந்த வழியாக வந்த ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. "எங்க போவணும்மா? ஏறுங்க," என்றார் டிரைவர்.

"வேணாங்க, நடந்தே போறோம்," என்றேன்.

"வேண்டுதலா?"

"இல்லீங்க. இமயமலைக்கு."

அவர் ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தார். "அது இந்தப் பக்கம் இல்லீங்களே," என்றார் கவலையோடு.

முத்தாண்டிக்குப்பத்துக்கு நான் நடந்து போய்ச் சேரவில்லை, நொண்டிப் போய்ச் சேர்ந்தேன். செல்வராணியின் அம்மா எங்களையும் பையையும் பார்த்தார். அதற்குள்ளிருந்து பழத்தை எடுத்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை. "எங்க வூட்டுப் பழத்த எங்க வூட்டுக்கே தூக்கினு வந்தீங்களாடி?" என்று கேட்டுக்கொண்டே குண்டானில் வெந்நீர் ஊற்றி உப்புப் போட்டு என் கால்முன் வைத்தார். காலை உள்ளே விட்டேன். பழத்தை அரிந்து தட்டில் கொடுத்தார். உலகத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்த நேரத்தில் டவுன்ஷிப்பில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். வசந்தா அக்கா தன் வீட்டுக்காரருக்குப் போன் செய்திருக்கிறார். அவர் சுந்தரத்தை ஓரமாக அழைத்துப்போய்த் தோளில் கை போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். சுந்தரம் எனக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, விருத்தாசலத்தில் இருக்கிற என் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணனும் மதினியும் பதறிக்கொண்டு வந்தார்கள். வடலூர் பஸ் நிலையத்தில் விசாரித்தபோது அகப்பட்டவர் அந்த ஆட்டோ டிரைவர். "ஆமாங்க, ரெண்டு பேரு, முத்தாண்டிக்குப்பம் ரோட்டுல. ஒருத்தங்க கழுத்துல விசிலு, இன்னொருத்தங்களுக்குக் கண்ணெல்லாம் செவந்து இருந்தது. இமயமலைக்குப் போறோம்னு சொன்னாங்க," என்றிருக்கிறார்.

வீட்டில் சண்டை போட்டுவிட்டு அழுதுகொண்டே இமயமலைக்குப் போகிற பெண்பிள்ளை எதற்குப் போவாள்?

நான் மூன்றாவது சுளையில் இருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சுந்தரம் சுரங்க யூனிபார்மோடு, தலையில் சுரங்க ஹெல்மெட்டோடு இறங்கினார். பின்னால் அண்ணன். அதன் பின்னால் அதே ஆட்டோ, உள்ளே மதினியும் வசந்தா அக்காவும்.

அண்ணன் வாசலிலிருந்தே கத்தினான். "ஏ கோமதி! சந்நியாசம் வாங்குத அளவுக்கு ஒனக்கு என்னட்டி குறை வச்சோம்?"

எனக்கு வாய் நிறையப் பழம். மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சந்நியாசி பலாச்சுளை திங்கா, பாருங்க," என்றாள்.

வசந்தா அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் எதற்கு என்று தெரியாமலே கூடச் சேர்ந்து அழுதேன். செல்வராணி கையில் மாப் குச்சியோடு சுவரோடு ஒட்டி நின்றாள். டிரைவர் மட்டும் நிம்மதியாக, "நான் அப்பவே சொன்னேங்க, வழி தப்புன்னு," என்றார்.

சுந்தரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குண்டானுக்குள் என் காலைப் பார்த்தார். கொப்புளங்களையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குழாயை மாத்திட்டேன்."

"எப்போ?"

"வீட்டுக்கு வந்தேன், நீ இல்லை. போனும் சுவிட்ச் ஆஃப். என்ன செய்யறதுன்னு தெரியலை. உங்க அண்ணன் வர்ற வரைக்கும் கை சும்மா இருக்க மாட்டேன்னுது. அதான்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வீடியோவிலிருந்து இட்லித் தட்டு வரை எல்லாவற்றையும் கொட்டினேன். கூட்டம் சேர்ந்து நின்று கேட்டது. கேட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சிரிப்பீங்கன்னுதான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சிரிச்சிருப்பேன்," என்றார் நேர்மையாக. "சிரிச்சு முடிச்சுட்டு நல்ல ஷூவா வாங்கித் தந்திருப்பேன். இது உனக்கு ஒரு சைஸ் சின்னது."

அண்ணன் அதற்குள் தட்டிலிருந்து ஒரு சுளையை எடுத்துவிட்டான். "பழம் நல்லாத்தான் இருக்கு," என்றான். மதினி முறைத்துவிட்டுத் தானும் ஒன்று எடுத்தாள்.

போனோமா என்று கேட்பீர்கள். போனோம், அடுத்த வருஷக் கோடை விடுமுறையில். அதுவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் செல்வராணியும் நடக்க, சுந்தரம் ஸ்கூட்டரில் தண்ணீரோடு பின்னாலேயே ஊர்ந்து வருவார். சிரிக்கவும் செய்வார். எனக்கு அது உறைக்கவே இல்லை. மேலே போய்ப் பனியில் நின்றபோது செல்வராணி விசில் ஊதினாள். நான் அழுதேன். ஊர் திரும்பியதும் அண்ணனிடம் போட்டோக்களை ஒன்று விடாமல் காட்டினேன். அவன் பெருமை அடிக்காமல் உட்கார்ந்து பார்த்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

ஆனால் டவுன்ஷிப்பில் யாருக்கும் நான் மலை ஏறியது நினைவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு மாணவனின் அம்மா என் கையைப் பிடித்து, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாங்க மிஸ்," என்று கண்கலங்கினார். செல்வராணிக்கு வேறு பிரச்சினை. என்னைக் கெடுத்ததே அவள்தான் என்று எங்கள் பிளாக்கில் ஒரு கட்சி இருக்கிறது.

இதற்கெல்லாம் உச்சம் போன வருஷம் நித்யாவின் கல்யாணத்தில் நடந்தது. அவள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் நேரம். மதினி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சுந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நித்யா குனிந்து தன் பையைத் தூக்கினாள். கனமாக இருந்தது, லேசாகத் தடுமாறினாள்.

"மாப்ளே," என்றான் அண்ணன் சுந்தரத்திடம், "உள்ளே பலாப்பழம் இருக்கான்னு பாத்துக்கிடுங்க."

அவ்வளவுதான். முதலில் நித்யா வெடித்தாள். அப்புறம் மதினி, வசந்தா அக்கா, செல்வராணி, கடைசியில் சுந்தரம். போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்துத்தான் பட்டனை அமுக்கினார். பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற அந்தப் படத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். ஓரத்தில் சம்பந்தியம்மா மட்டும், ஒன்றும் புரியாமல், பையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.