சுவரில் நகர்ந்த சிக்ஸ்டன்

செத்துப்போனவர்கள் எங்கள் ஊருக்குத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். ஞாயிறுதோறும், சாயங்காலம், ஊர் மன்றத்தில், காபியும் ஏலக்காய் பன்னும் முடிந்த பிறகு. ஸ்வீடனில் எங்கள் போஹுஸ்லேன் கடற்கரையில் நவம்பர் மாதம் நான்கு மணிக்கே கும்மிருட்டு. ஆவிகளுக்கு இவ்வளவு வசதி வேறெங்கே கிடைக்கும்?

அவர்களை அழைத்து வந்தவர் தோர்வால்ட். ஸ்டாக்ஹோம்காரர். வெல்வெட் கோட்டு, தேன் குழைத்த குரல். மன்றத்துச் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திருகாணி போட்டு மாட்டினார். பெட்டியில் ஊசித் துளை, உள்ளே விளக்கு. சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, அறை விளக்கை அணைத்தால் அந்த ஒளிப்புள்ளி மட்டும் தெரியும். உற்றுப் பார்த்தால் அது நகரும்! வலப்பக்கம் நகர்ந்தால் ஆவி 'சரி' என்கிறது. இடப்பக்கம் என்றால் 'கூடாது'. கட்டணத்தை வாசலிலேயே போனில் அனுப்பிவிட வேண்டும். எங்கள் நாட்டில் ஆவிகூட ரொக்கம் வாங்குவதில்லை.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். கோடையில் பாய்மரப் படகுப் போட்டிக்குக்கூட இவ்வளவு கார் நின்றதில்லை. நானும் போனேன். செத்துப்போன என் பூனை சௌக்கியமா என்று கேட்டேன். சிரிக்காதீர்கள், சௌக்கியம் என்று பதில் வந்தது.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் குன்வோர். அவள் கணவன் சிக்ஸ்டன் இறால் பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டான், வருடம் ஆறாகிறது. இப்போது சிப்பி வளர்க்கிற பொர்யே அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தான். தங்கமான மனுஷன். அவளுக்கும் ஆசைதான். எதற்கும் சிக்ஸ்டனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மன்றத்துக்கு வந்தாள்.

"புள்ளி இடப்பக்கமா போகுதே... எல்லாரும் பாக்கறீங்களா?" என்றார் தோர்வால்ட் இருட்டில்.

"ஆமா, இடப்பக்கந்தான்" என்றது முன்வரிசை. "ஆமா ஆமா" என்றது மன்றம். எங்கள் ஊர்க்காரர்களின் பெருங்குணம் அது: யாரையும் மறுத்துப் பேசவே மாட்டோம். எனக்குப் புள்ளி கூரைப்பக்கம் போவதுபோல்தான் இருந்தது. நானும் இடப்பக்கம் என்றேன். ஒருத்தன் மட்டும் தனியாகத் தெரிவது அசிங்கம் இல்லையா?

மூன்று ஞாயிறு கேட்டாள். மூன்று தடவையும் 'கூடாது'. புதுப் புருஷன் வந்துவிட்டால் பழைய புருஷனைப் பார்க்க எவள் கட்டணம் கட்டுவாள்? தோர்வால்டுக்குக் கணக்கு தெரியும். மனம் நொந்துபோன பொர்யே, மாதக் கடைசியில் நார்வேப் பண்ணை ஒன்றுக்கு வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டான். குன்வோர் அழுத கண்ணும் வீங்கின மூக்குமாக நடமாடினாள்.

செய்தி கேட்டு யோத்தபோரி நகரத்திலிருந்து ஓடி வந்தாள் மைக்கென், சிக்ஸ்டனின் தங்கை. அங்கே பல்கலைக்கழகத்தில் மனுஷக் கண் எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே தாவுகிறது என்று கேமரா வைத்துப் பார்ப்பதே அவள் பிழைப்பு.

"என்ன கூத்து அண்ணி இது? எங்கண்ணன் உயிரோட இருந்தப்ப எந்தச் சட்டை போடறதுன்னே முடிவு பண்ணத் தெரியாது. செத்ததுக்கப்புறம் கல்யாணத்தைப் பத்தி முடிவு பண்றானாக்கும்!"

"நானே என் கண்ணால பாத்தேன், மைக்கென்."

"அந்தக் கண்ணைத்தான் நான் வருஷக்கணக்கா பாத்துக்கிட்டிருக்கேன். அதை அவ்வளவு நம்பாதீங்க."

அடுத்த ஞாயிறு குன்வோர் நான்காவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டாள். விளக்கு அணைந்தது. தோர்வால்ட் வாயைத் திறப்பதற்குள் மைக்கென் எழுந்துவிட்டாள்.

"ஒரு சின்ன யோசனை. இன்னிக்கு யாரும் பேச வேண்டாம். புள்ளி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் கையை நீட்டுவோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஆட்சேபணையா? எங்கள் ஊரிலா? தோர்வால்ட் இருமினார், இருமலை யாரும் ஆட்சேபணையாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசனை ஏகமனதாக நிறைவேறியது.

இருட்டில் கோட்டுகள் சரசரத்தன. கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியே இருங்க, கையை இறக்காதீங்க" என்று சொல்லி மைக்கென் சுவிட்சைத் தட்டினாள்.

அடடா, அந்தக் காட்சி! ரொட்டிக்கடைக்காரர் கை இடப்பக்கம், அவர் மனைவி கை வலப்பக்கம். வீட்டிலும் அவர்கள் அப்படித்தான். தபால்காரர் தரையைக் காட்டினார். நான் கூரையைக் காட்டினேன். ஒரே புள்ளி, ஊருக்கே ஒரே நேரத்தில், எட்டுத் திக்கிலும் போயிருந்தது. நீட்டிய கையை மடக்கவும் வெட்கமாக, வைத்திருக்கவும் வெட்கமாக உட்கார்ந்திருந்தோம்.

தோர்வால்ட் லேசுப்பட்டவரா? "சிக்ஸ்டன் ஒவ்வொருத்தரோடயும் தனித்தனியா பேசியிருக்காரு" என்றார்.

"பேசட்டும்" என்றாள் மைக்கென். விளக்கை மறுபடி அணைத்தாள். "பொர்யே, கதவை லேசா திறங்க."

வாசலோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்ற பொர்யே திறந்தான். வராந்தா வெளிச்சம் ஒரு கீற்று உள்ளே விழுந்தது. சுவர் தெரிந்தது, பெட்டி தெரிந்தது. புள்ளி ஆடவில்லை, அசையவில்லை.

"எங்க போனான் எங்கண்ணன்?"

"வெளிச்சம்னா... ஆவிக்குக் கூச்சம்" என்றார் தோர்வால்ட். குரலில் இப்போது தேன் இல்லை.

"கூச்சம் உங்களுக்குத்தான் வரணும்!" என்றாள் மைக்கென். "நம்ம கண்ணு ஒரு நொடிகூடச் சும்மா இருக்காதுங்க. உத்துப் பாக்கும்போதும் நடுங்கும், நழுவும், தாவும். பக்கத்துல சுவரோ சன்னலோ தெரிஞ்சா அதை வச்சு மூளை சமாளிச்சுக்கும். ஒண்ணுமே தெரியாத இருட்டுல அதுக்குப் பிடிமானம் இல்ல. எது நகருதுன்னு குழம்பிப்போய் புள்ளிதான் நகருதுன்னு சொல்லிடும். போதாததுக்கு, பக்கத்துல ஒருத்தர் 'இடப்பக்கம்'னா அது இடப்பக்கம்தான் போகும்."

கூட்டத்தில் யாரோ முதன்முறையாக மறுத்துப் பேசினார்கள்: "அப்ப எங்க பணம்?" எங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே பெரிய கலவரம் அதுதான். தோர்வால்ட் பெட்டியைக் கழற்றத் திருப்புளி தேடினார்.

குன்வோர் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மைக்கென், விளக்கு எரிஞ்சப்ப என் கை வலப்பக்கம் நீட்டியிருந்துச்சு. அப்ப சிக்ஸ்டன் சரின்னுதானே..."

"ஐயோ அண்ணி! அதுவும் அவன் இல்ல. வலப்பக்கமும் பொய்தான். சுவரைக் கேக்கறதை விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

மன்றமே வாயைப் பிளந்து காத்திருந்தது. குன்வோர் மூக்கைத் துடைத்தாள். வாசலைப் பார்த்தாள்.

"பொர்யே, கதவைச் சாத்திட்டு உள்ள வா. குளுருது. நார்வேக்கெல்லாம் போக வேணாம்."

கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். இறாலும் சிப்பியும் அமர்க்களம். மன்றச் சுவரில் அந்தத் திருகாணித் துளைகள் இன்னும் இருக்கின்றன. மறக்காமல் இருக்க அவற்றை அடைக்க வேண்டாம் என்று ஊரே தீர்மானம் போட்டது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. சுவரில் திருகி மாட்டிய விளக்கு ஊரெல்லாம் சுற்றி வந்ததாம். நகர்ந்திருக்க வேண்டிய எங்கள் மூளை மட்டும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. உங்களுடையது எப்படி?